தட்டானை நம்பிய வீடு

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று முதலில் சொன்னவர் உப்பளத்துப் பக்கமே வந்திருக்க மாட்டார். வயலை உழுதுபோட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறும். பூச்சிகள் கீழே இறங்கும். அவற்றைத் தின்னத் தட்டானும் இறங்கும். அவருக்கு அது நல்ல செய்தி. பொய்த்தாலும் இன்னும் ஒரு நாள் காத்திருப்பார், அவ்வளவுதான்.

எங்களுக்கோ மழைதான் எமன். தூத்துக்குடியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குச் சின்னதாக ஓர் உப்பளம் இருந்தது. புரட்டாசிக் கடைசியில் வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். தட்டான் தாழ்ந்தால், யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி, பனையோலையால் உப்பை மூட வேண்டும். மாமனார் வைத்த சட்டம் அது. மரமே இல்லாத வெட்டவெளியில், கடற்காற்றுக்கு ஒதுங்கத் தட்டான் தாழாமல் வேறெங்கே போகும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வருடம் எழுபத்தைந்தோ எழுபத்தாறோ. நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, மூன்று வருடம் வீட்டோடு கிடந்த எனக்குப் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. பதினோரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சேலை கட்டி, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மாமனார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏளா, தட்டான் தரையோட பறக்கு. உப்ப மூடிட்டுப் போ. அடுத்த பஸ்ஸு இருக்கு."

கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் உப்பளத்துக்குப் போனேன். அந்தக் கோபம் இன்றைக்கும் என்மேல்தான். நல்ல சேலையோடு வரப்பில் நின்று ஓலை எடுத்துக் கொடுத்தேன். கடைசி அம்பாரத்தை மூடும்போது மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது.

சாயங்காலம் வரை ஒரு பொட்டு மழை இல்லை. மழை வராததே புண்ணியம் என்றார் கணவர். மாமனார் திருப்தியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டான் ஏமாற்றிவிட்டதாகக்கூட அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உப்பு தப்பிச்சிட்டு மாமா. என் வேலைதான் போயிட்டு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிக்கூடம் எங்க ஓடிப் போவுது? இன்னொரு கார்டு வரும்ளா."

வரவில்லை.