பத்தரை அடி ரிங்

பத்தாம் வகுப்பில் நாங்கள் மொத்தம் பதினாறு பேர். அதில் ஆண்பிள்ளைகள் ஏழு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டால்தான் எங்கள் பள்ளிக்கு பேஸ்கட்பால் டீம் என்று ஒன்று தேறும். அந்த டீமில் நான் இருந்ததற்கு ஒரே காரணம் என் உயரம். ஒன்பதாவது முடிந்து பத்தாவதுக்குள் நுழைவதற்குள் ஆறடி ஒரு அங்குலம் ஆகிவிட்டேன். அம்மா என் பேண்ட்டின் கீழ்மடிப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது தடவை பிரிக்க மடிப்பு இல்லை.

எங்கள் கேப்டன் டீமிலேயே குள்ளமானவன். ஐந்தடி நாலு இருப்பான். கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசைகளில், எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் அவன் வீடு. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடினால் யாராலும் பிடுங்க முடியாது, வாயையும் யாராலும் மூட முடியாது. அவனுடைய அண்ணனின் போனில் அமெரிக்க ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பான். ஓடிவந்து எகிறி, பந்தை ரிங்குக்கு மேலே கொண்டுபோய்க் கையாலேயே உள்ளே குத்துவார்களே, அந்த டங்க் அவனைப் பைத்தியமாக்கியிருந்தது. அவனால் எந்தக் காலத்திலும் ஆகாது. அதனால் அந்த ஆசையை என் தலையில் ஏற்றினான். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் டங்க் செய்ததில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளே, நான் செய்யப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான்.

நந்திதுர்க் பக்கம், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்தபடி இருந்த பழைய சிமெண்ட் தரைதான் எங்கள் கோர்ட். ஒரு பக்கம்தான் ரிங் உண்டு. துருப்பிடித்திருந்த அந்தக் கம்பமும் மே மாத மழையில் சாய்ந்துவிட, எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் விடுமுறையில் வேறொரு கம்பத்தை நட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை சாயக்கூடாது என்று அடியில் பெரிய சிமெண்ட் மேடை கட்டி, பெயின்டும் அடித்திருந்தார். அதைப் பார்த்து எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ரிங்கில் நான் தினமும் பயிற்சி முடிந்ததும் பத்துத் தடவை எகிறினேன். விரல் நுனி ரிங்கைத் தொடும். சில நாள் விரல்களை மடக்கி ஒரு நொடி பிடிக்கவும் முடிந்தது. ஆனால் பந்தோடு போனால் பந்து ரிங்கின் விளிம்பில் மோதித் திரும்பி வந்துவிடும். கேப்டன் முதலில் டென்னிஸ் பந்து கொடுத்தான். அது உள்ளே விழுந்தது. அப்புறம் வாலிபால் கொடுத்தான், விழவில்லை. பக்கத்தில் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். முதல் மாதம் கைதட்டினார்கள். ஆகஸ்டில் தட்டுவதை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. உயரம் இருந்தும் உதவாத ஆள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

கை விரல்கள் உரிந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் அப்பா விசாரித்தார். அவர் விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர். நான் விஷயத்தைச் சொன்னேன். லே-அப் என்று கீழேயிருந்து போட்டாலும் அதே ரெண்டு பாயிண்ட்தானே என்று கேட்டார். எங்கள் பி.டி. மாஸ்டரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளும் பத்துத் தடவை எகிறினேன்.

நவம்பரில் கோலாரில் ஒரு பெரிய பள்ளியில் போட்டி. அவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் நாலு செக்‌ஷன், இரண்டு பக்கமும் ரிங்குக்குப் பின்னால் கண்ணாடி போர்டு. விசில் ஊதியதும் கேப்டன் முதல் பந்தைப் போட்டான். அது ரிங்கைத் தொடாமல் போர்டின் மேல் விளிம்பில் அடித்து வெளியே போனது. அடுத்தவன் போட்டதும் அப்படியே. ஆட்டம் பாதி ஆவதற்குள் நாங்கள் போட்டதெல்லாம் போர்டில் டமால் டமாலென்று மோதிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

இடைவேளையில் கேப்டன் நேராக மாஸ்டரிடம் போய், "சார், இவங்க ரிங்கு கீழ கீது சார். கண்ணாலயே தெர்து," என்றான்.

தோற்கிறவர்கள் சொல்கிற சாக்கு இது என்று மாஸ்டர் முதலில் அதட்டினார். அவன் விடவில்லை. கடைசியில் அவர் தயங்கித் தயங்கி ரெஃபரியிடம் சொன்னார். ரெஃபரி நல்ல மனிதர். கோபப்படாமல் ஏணியும் டேப்பும் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அளந்தார். சரியாகப் பத்தடி, விதிப்படி இருக்கவேண்டிய உயரம். எதிர் டீம் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லிய குரலில், "அந்த சிமெண்ட் மேடை அரை அடி இருக்குமில்ல?" என்று கேட்டார்.

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. வெல்டர் தரையிலிருந்து அளக்கவில்லை. மேடையின் மேல் டேப்பை வைத்துப் பத்தடி அளந்திருக்கிறார். ஜூனில் ஷாட்டெல்லாம் ரிங்குக்கு எட்டாமல் விழுந்தபோது, லீவில் சோம்பேறியாகிவிட்டோம் என்று நினைத்து இன்னும் பலமாகப் போடப் பழகியிருந்தோம். ஐந்து மாதமாக நாங்கள் ஆடியது பத்தரை அடி ரிங்கில்.

கேப்டன் என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் தோற்றுக்கொண்டிருக்கிற கவலையே இல்லை. "டேய், இது அரை அடி கம்மிடா. இன்னா புரியுதா உனுக்கு?" என்றான்.

புரிந்தது. ஷூ லேஸை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. எங்கள் கைகள் மெல்ல மெல்ல அளவைக் கற்றுக்கொண்டன, சில பந்துகள் விழுந்தன. கடைசிக் கால் பகுதியில் கேப்டன் எதிராளியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தான். அவனே ஓடிப்போய்ப் போட்டிருக்கலாம். எதிரே ஒருவரும் இல்லை. ஆனால் ஓட்டத்தை நிறுத்தி, எனக்காகக் காத்திருந்து பந்தைத் தள்ளிவிட்டான். நான் இரண்டு எட்டு வைத்து எகிறினேன். எப்போதும் ரிங் இருக்கும் இடத்தை நோக்கித்தான் கையை நீட்டினேன். அங்கே ரிங் இல்லை, வெறும் காற்று. ரிங் என் மணிக்கட்டுக்குக் கீழே இருந்தது. பந்தை உள்ளே தள்ளினேன். இரும்பு முன்கையில் பட்டது, போர்டு அதிர்ந்தது. கீழே வந்து நின்றபோது எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்றே தெரியவில்லை.

ரெஃபரி வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டினார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. எதிர் டீமின் உயரமான பையன்கூட என் முதுகில் தட்டினான். எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எதிர் டீம் பந்தை எடுத்துப்போய் அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தது.

நாங்கள் தோற்றோம். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே தோற்றோம். பங்காருபேட்டை வரும்வரை பஸ்ஸில் மாஸ்டர் திட்டிக்கொண்டே வந்தார், ஒரு பேஸ்கட் போட்டதற்கு யாராவது டிஃபென்ஸை மறப்பார்களா என்று. அதற்குப் பிறகு அவரும் ஜன்னல் பக்கம் திரும்பித் தனியாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது, ஜெயித்தீர்களா என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். பின்னே எதற்கு இந்தச் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தோசையை வைத்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை வெல்டரையும் டேப்பையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். அளந்து பார்த்த வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேட மேல வெச்சி அளந்துட்டேங்க. பசங்க வாயத் தொறந்து சொல்லல, நான் இன்னா பண்றது?" என்றார். அன்றைக்கே அறுத்து இறக்கி ஒட்டினார். சூடு ஆறியதும் அப்பா என்னைப் பார்த்து, செய் பார்க்கலாம் என்றார். முதல் தடவை தவறியது. இரண்டாவது விழுந்தது. அப்பாவே ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து கொடுத்தார். ரெண்டு பாயிண்ட் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

போட்டியில் நான் மொத்தம் மூன்று டங்க் செய்திருக்கிறேன். பத்தாவது முடித்து பி.யூ. கல்லூரியில் படிக்கும்போது முழங்கால் பிசகி, அத்தோடு அது நின்றது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இப்போது நானும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து கேப்டன் வந்ததும் பழைய ஆட்கள் நாலைந்து பேர் அதே கோர்ட்டில் ஆடுகிறோம். போன மாதம் பள்ளியின் பெண்கள் டீம் எங்களோடு ஒரு ஆட்டம் கேட்டது. பாவம், விட்டுக்கொடுத்து ஆடலாம் என்று இறங்கினோம். எட்டுப் பாயிண்ட் வித்தியாசத்தில் அடித்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு மறுபடி ஆட வருகிறார்கள். கேப்டன் இந்த வாரம் முழுக்கக் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான்.