உரத்தொட்டிக்குப் போன இட்லி

எங்கள் கல்லூரியில் நிலைத்த வளர்ச்சிக்கு என்று ஒரு மாணவர் மன்றம் உண்டு. பொறுப்பாசிரியர் நான். தாவரவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருப்பவளுக்கு இப்படி ஒரு பொறுப்பு வந்தால் அதை மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. நிரந்தரப் பணியில் இருக்கும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, என் தலையில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

மன்றத்தின் உருப்படியான ஒரே வேலை மண்புழு உரம். மாணவியர் விடுதியில் காலையில் மிஞ்சுவதைக் கொண்டுபோய், பின்பக்கம் வேப்பமரத்தடியில் இருக்கும் சிமெண்ட் தொட்டிகளில் போடுவோம். எண்ணெயும் உப்பும் புளியும் பட்டதை மண்புழு தாங்காது. அதனால் சமையல் அண்ணாச்சியிடம் சொல்லி, சாம்பார் படாத இட்லியைத் தனி வாளியில் போட ஏற்பாடு செய்திருந்தேன். கழுவித் துடைத்த எவர்சில்வர் வாளி, மேலே ஒரு தட்டு போட்டு மூடியிருக்கும். புழுவின் சாப்பாட்டுக்கு நான் பார்த்த பக்குவத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. கல்லூரிக்கு யார் வந்தாலும் அந்தத் தொட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். பக்கத்தில் உணவை வீணாக்காதீர் என்று ஒரு பலகை வேறு.

அந்த வாளியைத் தினமும் தூக்கி வர ஒருத்தி தானாக முன்வந்தாள். எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளி அவள் ஊர். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். கட்டணமில்லாத பேருந்தாகப் பார்த்து மாறி மாறி வர வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். முதல் மணி அடிக்க வெகுநேரம் இருக்கும்போதே வளாகத்தில் நிற்பாள். மற்ற பிள்ளைகள் சான்றிதழுக்காக மன்றத்தில் சேர்ந்தவர்கள், வாளி என்றாலே மூக்கைப் பொத்துவார்கள். இவள் ஒரு நாள் தவறியதில்லை. சுற்றுச்சூழல் மேல் என்ன அக்கறை பாருங்கள் என்று துறையில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். படித்த முட்டாள் என்றால் நான்தான்.

ஒரு நாள் ஏதோ வேலையாக நான் சீக்கிரம் வந்துவிட்டேன். தொட்டிப் பக்கம் போனபோது அவள் வேப்பமரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வாளியை மூடியிருந்த தட்டில் நாலு இட்லி. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பிய்த்து வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பில் நின்றபோதும் எனக்கு அதே நினைப்புதான். பள்ளிக்கூடத்துச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது. காரும் பிசானமுமாக வருடத்துக்கு இரண்டு போகம் நெல் விளைகிற தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பெண் வெறும் வயிற்றோடு வந்து, புழுவோடு பங்கு போட்டுச் சாப்பிடுகிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

மறுநாள் சமையல் அண்ணாச்சியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"தெரியும் மேடம். அந்தப் புள்ளைக்கின்னு நாலு இட்லி கூடத்தான் போட்டு வைக்கேன். நீங்க கண்டுக்கிடாதிய."

நான் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் குணம் அப்படியில்லை. ஒருத்தி மரத்துக்குப் பின்னால் ஒளிந்து தின்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? மேசை போட்டு, சாம்பார் ஊற்றி, தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லோரும் உரிமையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. விடுதியில் மிஞ்சுகிற நல்ல உணவைக் காலையில் வெளியூர் மாணவிகளுக்குப் பரிமாறலாம் என்று ஒரு திட்டம் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு குழுவுக்கு அனுப்பினார். தேவை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கொடுங்கள் என்றது குழு.

ஆதாரம் திரட்டத்தான் வகுப்பு வகுப்பாகப் போனேன். மேடையில் நின்றுகொண்டு, காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.

எங்கள் பக்கத்தில் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் பாருங்கள். வயிறு ஒட்டிக் கிடந்தாலும், இப்பதான் ஆச்சு என்றுதான் பதில் வரும். சாப்பிடவில்லை என்று சொன்னால் பெற்ற தாயை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி. இது எனக்குத் தெரியாததா? என் கல்லூரிக் காலம் முழுக்க நானும் அப்படித்தான் சொல்லிச் சமாளித்தேன். அப்படிப்பட்ட நான்தான் அறுபது பேர் முன்னால் அவர்களைக் கை தூக்கச் சொன்னேன். சம்பளம் வாங்கத் தொடங்கிச் சில வருடங்களில் இதுகூட மறந்துவிடுகிறது.

ஒரு வகுப்பில்கூட ஒரு கை எழும்பவில்லை. அவள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது அவளையும் கேட்டேன்.

"இட்லியும் சட்னியும் மேடம்" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பெயரில்லாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம் என்று பிறகுதான் உறைத்தது. அதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, மறுபடி நடத்த முடியாது என்றார்கள். வீம்பு பிடித்த நான் அறிக்கையில் இன்னொன்றும் சேர்த்தேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், உரத்தொட்டிக்குப் போகும் வாளியிலிருந்து ஒரு மாணவி எடுத்துச் சாப்பிட்டதை நானே கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. அதையே பெரிய நாகரிகமாக நினைத்துக்கொண்டேன். வாளி தூக்குகிறவள் ஒருத்திதான் என்பது கல்லூரி முழுக்கத் தெரியும்.

பத்து நாளில் பதில் வந்தது. கணக்கெடுப்பின்படி தேவை எதுவும் இல்லாததால் திட்டம் கைவிடப்படுகிறது. மேலும், மாணவிகளின் உடல்நலனைக் கருதி, மிஞ்சிய உணவில் சாணிக் கரைசலை ஊற்றிய பிறகே சமையலறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை நானும் சமையலறை வாசலில் நின்றேன். அண்ணாச்சி ஒரு குவளையில் சாணியைக் கரைத்து வைத்திருந்தார்.

"என்ன மேடம் இப்படிச் செஞ்சிட்டிய. நாந்தான் பைய பாத்துக்கிட்டு இருந்தேம்லா" என்றார். பிறகு குவளையை இட்லியின் மேல் கவிழ்த்தார்.

அவள் பக்கத்திலேயே நின்றாள். கைப்பிடியை வழக்கம்போலப் பிடித்து, வாளியைத் தொட்டிக்குத் தூக்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வந்தாள். நான் வீட்டிலிருந்து டப்பாவில் தோசை கொண்டுபோய் நீட்டினேன். "வேண்டாம் மேடம், வீட்ல சாப்பிட்டுட்டுதான் வாரேன்" என்று நகர்ந்துவிட்டாள். விட்டு வைக்கிறேன், எடுத்துக்கொள் என்று மேசையில் வைத்துப் பார்த்தேன். மாலையில் டப்பா அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டு எண்ணுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. பருவத் தேர்வில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. உணவை வீணாக்காத வளாகம் என்று அந்த வருடம் எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கியது நான்.

கோடை விடுமுறைக்கு முன்னால் அவள் சான்றிதழ்களை வாங்க வந்தாள். இங்கே வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாளாம். மதியம் சாப்பாடு கடையிலேயே போடுகிறார்கள் என்றாள். ஆள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் வந்து விட்ட இடத்திலிருந்து படி, நான் பேசுகிறேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டவில்லை.

"அன்னைக்கு மரத்துப் பக்கம் நீங்க வந்திட்டுத் திரும்பிப் போனிய. நான் பாத்தேன் மேடம்" என்றாள். "யார்ட்டயும் சொல்லாம இருந்திய. இனிமே பயமில்ல, எப்படியும் படிச்சி முடிச்சிரலாம்னு அன்னைக்கு நெனச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கடைக்கு நேரமாகிறது என்று, துறைக் கையெழுத்துக்காகச் சான்றிதழ் விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள். படிப்பிலிருந்து விலகும் காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தாள். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.