மன்னவனூர் – கொடைக்கானல்: முப்பத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து மூட்டை பூண்டு, ஒரு பிரசவம்

இந்தத் தளத்தில் மன்னவனூர் சாலையைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். எங்கே நிறுத்திப் படம் எடுக்கலாம், எங்கே டீ நன்றாக இருக்கும் என்றெல்லாம். இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தவில்லை. போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, முதல் குழந்தையைப் பெற்றெடுக்க அதே சாலையில் போன கதை இது. தலைப்பிரசவத்துக்கு மலைமேல் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது பழனியில். கணவர் கதிருக்கு அங்கே பஞ்சாமிர்தக் கடை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால், ஏழாம் மாதம் வளையல் போட்டு மன்னவனூருக்கு அழைத்துவந்துவிட்டார்கள். கிராமத்துச் செவிலியர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கொடைக்கானலுக்குப் போய், யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளுங்கள். நாங்களும் சரி சரி என்று தலையாட்டினோம். ஆனால் அப்பாவின் பூண்டு காய்ந்து மூட்டை கட்டுகிற நேரம். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை வாரத்தில் வியாழன், ஞாயிறு இரண்டு நாள்; எங்கள் லோடு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. அது முடியட்டும், திங்கட்கிழமை போய்க்கலாம் என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான்.

சனிக்கிழமை காலை 4.40. இடுப்பில் ஒரு பிடி பிடித்து விட்டது. இருபது நிமிடம் கழித்து இன்னொன்று. ஐந்து மணிக்கு அப்பா வெள்ளனே எழுந்து மூட்டை ஏற்றப் போய்விட்டார். சொன்னால் லோடு நின்றுபோகும், நாலு மாத உழைப்பு சந்தைக்குப் போகாமல் கிடக்கும். வாயு வலியாகக்கூட இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குளித்தேன், தலை வாரினேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன். எட்டு மணிக்குக் கடைசி மூட்டை ஏறியதும்தான் அம்மாவிடம், "இப்பத்தாம்மா வலிக்குது" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வண்டி வேறு ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்துசேர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். அதற்குள் நாமே போய்விடலாம் என்று முடிவானது. எங்களிடம் இருப்பது அப்பாவின் பிக்கப் ஒன்றுதான். கதிர் வாரக்கடைசிக்கு வந்திருந்தார். அவசரமாக மூட்டைகளை இறக்கப் போனார். அப்பா தடுத்துவிட்டார்.

"மாப்ள, விடுங்க. சும்மா வண்டின்னா பிள்ளையத் தூக்கித் தூக்கிப் போடும். லோடு கெடந்தாத்தான் ஆடாமப் போகும்."

கேட்கக் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் நூற்றுக்கு நூறு உண்மை. மலைச்சாலையில் வெறும் பிக்கப்பில் போனவர்களுக்குத் தெரியும், முதுகெலும்பு முருங்கைக்காய் மாதிரி ஒடிந்துவிடும். 8.50-க்குக் கிளம்பினோம். முன்னால் அப்பா, நான், அம்மா. பின்னால் பூண்டு மூட்டைமேல் கதிர். எட்டு நிமிடத்துக்கு ஒரு வலி.

லோடில் ஒரு சங்கடமும் உண்டு: ஏற்றத்திலும் இறக்கத்திலும் வெரசாகப் போக முடியாது. இரண்டாம் கியரில் ஊர்ந்தோம். பூம்பாறையைத் தாண்டும்போது மணி 9.50, வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பின்னாலிருந்து வேறொரு சத்தமும் வந்தது. என் வீட்டுக்காரருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. பிரசவ வலி எனக்கு, வாந்தி அவருக்கு. கண்ணாடியில் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. "சும்மா இருடி" என்று அம்மா அதட்டினாள்.

கொடைக்கானலுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது சாலை அடைத்துக்கொண்டது. ஒரு டூரிஸ்ட் வேனும் காரும் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி எதிரெதிரே. வேனுக்குப் பின்னால் கார் வரிசை. மணி 10.25. வலி மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வண்டியிலேயே பிறந்துவிட்டால் என்ன செய்வோம்? குழந்தைக்கு ஏதாவது ஆனால்? காலையில் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று மணி இருபது நிமிடமும் கண்முன்னால் வந்து நின்றது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கதிர் குதித்து இறங்கி, வெளிறிப்போன முகத்தோடு வேனிடம் ஓடினார். "அண்ணே, எம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. கொஞ்சம் பின்னாடி எடுங்கண்ணே."

"பூண்டு வண்டியிலயா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் மறுபேச்சில்லை. வேனிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி, பின்னால் நின்ற ஒவ்வொரு காரையும் தட்டித் தட்டி ஓரம் கட்டவைத்தார்கள். யாரென்றே தெரியாத ஓர் அக்கா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "தைரியமா போங்கம்மா" என்றார். எட்டு நிமிடத்தில் வழி கிடைத்தது. அந்த வேன்காரர்கள் இதைப் படித்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

10.55-க்கு ஆஸ்பத்திரி. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே நர்ஸ் கேட்டார்: "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"எட்டு மணிக்குங்க" என்றார் அப்பா.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நர்ஸ் அதை எழுதிக்கொள்ளப் போனார். "நாலு நாற்பதுக்கு" என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். ஏதும் சொல்வதற்குள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

11.37-க்குப் பெண் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்ததாம். டாக்டர் அதை எடுத்துவிட்டதும் வீல் என்று ஒரு அழுகை. அதைக் கேட்டு நானும் அழுதேன், சத்தமாகவே. நெஞ்சின்மேல் வைத்தபோது சுடச்சுட இருந்தாள். "என்னம்மா, வார்டு பூராவும் பூண்டு வாசம்" என்று நர்ஸ் சிரித்தார்.

கதிர் ஒரு வழியாக நிதானத்துக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். அப்பா கடைசியாக வந்தார். சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவியிருந்தார். பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார்.

"ஏம்த்தா சொல்லல?"

"லோடு ஏத்திக்கிட்டிருந்தீங்கப்பா."

பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "பூண்டு வியாழக்கெழமையும் போகும்த்தா" என்றார். அப்படியே திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் முகத்தைக் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போகவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. செலவு: டீசல் அறுநூறு ரூபாய், கதிருக்கு எலுமிச்சம்பழம் இருபது ரூபாய். சனி ஞாயிறு என்றால் பூம்பாறையைத் தாண்டி ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பளித் துணியும் பழைய வேட்டியும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். வளைவு ஒத்துக்கொள்ளாத கணவருக்கு மாத்திரை கொடுத்துவிடுங்கள். செவிலியர் இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான், அறுவடை யார் வீட்டிலும் தானாக நடந்துகொள்ளும். அப்புறம், 4.40-க்கு வலி எடுத்தால், 4.41-க்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிடுங்கள்.