பிள்ளையார் சுழியும் இரண்டு சாய்கோடும்

வெப்சைட் செய்து பிழைப்பவர்களுக்கு அவரவர் கம்ப்யூட்டரில் எல்லாமே ஒழுங்காகத்தான் ஓடும். வாடிக்கையாளர் முன்னால்தான் மானம் போகும். உங்களுக்கும் இதே கதி என்றால் வாருங்கள், நாம் ஒரே சாதி.

டயல்-அப் காலத்தில் கோவில்பட்டியில் கடை போட்டேன். முதல் வாடிக்கையாளர் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி. ஆப்பிரிக்காவில் ஒரு மொத்த வியாபாரி, வெப்சைட் வழியாகத்தான் ஆர்டர் தருவேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் மற்ற கம்பெனிக்காரர்களும் என்னைத் தேடி வருவார்கள். வராவிட்டால் கடையை மூடிவிட்டு வேலை தேடிச் சென்னை பஸ் ஏற வேண்டியதுதான்.

சிவப்புப் பெருக்கல்

என் கடையில் லேபிள் படங்கள் ஜொலித்தன. அண்ணாச்சி ஆபீசில் திறந்தால் படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. படங்களுக்கு என் கம்ப்யூட்டரின் C டிரைவையே விலாசமாகக் கொடுத்திருந்தேன்! படத்தின் பாதையில் C: வரவே கூடாது, போல்டர் பெயரும் படத்தின் பெயரும் போதும். இதை நான் விளக்குவதற்குள் அவருடைய கணக்கப்பிள்ளை கேட்டுவிட்டார்: "தீப்பெட்டி விக்கச் சொன்னா வாய்ப்பாடுல்லா போட்டு வச்சிருக்கீய?"

பச்சைக் கழுத்து மயில்

தீப்பெட்டி லேபிளில் நீலக் கழுத்தோடு இருந்த மயில், வெப்சைட்டில் பச்சைக் கழுத்தோடு தெரிந்தது. நிறம் மாறினால் போலிச் சரக்கு என்று கடைக்காரர்கள் திருப்பிவிடுவார்கள். நீலமாக்கி ஏற்றினேன். அண்ணாச்சி போன் செய்து, "இன்னும் பச்சைதான் தம்பி" என்றார். அவர் கம்ப்யூட்டர் பழைய படத்தையே பத்திரமாக வைத்துக்கொண்டு காட்டுகிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு F5 தட்டச் சொன்னேன். இப்போதெல்லாம் படத்தை மாற்றினால் பெயரையும் மாற்றிவிடுகிறேன், mayil2.gif என்று. தட்டிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னதுதான் காரணம்: "நீலமாயிட்டு. ஆனா ஆப்பிரிக்காக்காரர்ட்ட யாரு போயி இதைத் தட்டச் சொல்லுவா?"

முதல் வரி

ஆர்டர் படிவம் தயாரானதும் அண்ணாச்சி கடைக்கு வந்தார். திரையில் ஓடிய கோடிங்கைப் பார்த்து, "பிள்ளையார் சுழி எங்க தம்பி? அது இல்லாம எங்க ஆபீஸ்ல ஒரு துண்டுச்சீட்டுகூட எழுத மாட்டோம்" என்றார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 'உ' தட்டி ஏற்றினேன். அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் அந்த வியாபாரி போன் செய்தார். பொத்தானை அழுத்தினால் படிவம் போகாமல் பிழைச்செய்தி வருகிறதாம். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனி பார்ப்பாராம். வரி வரியாகத் தேடினேன். சகபாவிகளே, உங்களுக்குத் தெரிந்திருக்கும்: <?php என்ற தொடக்கக் குறிக்கு முன்னால் ஓர் எழுத்து, ஏன், ஒரு வெற்றிடம்கூட இருக்கக் கூடாது. குற்றவாளி பிள்ளையார்! அவரை எடுக்க எனக்குத் தைரியமில்லை. <?php-க்குக் கீழே இறக்கி, முன்னால் // என்று இரண்டு சாய்கோடு போட்டேன். படிவம் போனது. சாயங்காலமே ஆர்டர் வந்தது.

அண்ணாச்சியிடம் மறைக்க மனமில்லை. "சுழி இருக்கு அண்ணாச்சி, ஆனா கம்ப்யூட்டர் அதைப் படிக்காது" என்றேன். அவர் அசரவில்லை: "அது படிக்காட்டிப் போகுது தம்பி, படிக்க வேண்டியவரு படிச்சிட்டாருல்லா!"

அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதிவிட்டேன். என் கோடிங்கில் பிழையே இல்லாத வரி எது என்று கேட்டால், கம்ப்யூட்டர் படிக்காத அந்த ஒரு வரியைத்தான் தைரியமாகக் காட்டுவேன்.