ஆள் வெளியே போன வீடு

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறைக் கதவைத் தூக்கிப் பிடித்தது.

வெகுநாளாகவே அந்தக் கதவு தரையில் உரசிக்கொண்டிருந்தது. திறந்தால் ஒரு கரகரப்பு, மூடினால் இன்னொன்று. இந்த வீட்டில் யார் எப்போது குளிக்கப் போகிறார்கள் என்பது தெருமுனை வரைக்கும் தெரியும். அம்மா ஒரு மரக்கட்டையைக் கதவுக்கு அடியில் செருகி, மறுமுனையில் குதிகாலை வைத்து அழுத்தினாள். கதவு ஒரு விரல்கடை எழும்பியது. மகள் மேல் கீலில் ஸ்க்ரூவை முடுக்கினாள்.

“பிடிக்குதா?”

“சும்மா சுத்துதும்மா. ஓட்டை தளர்ந்து போச்சு.”

“விடவா? கால் கெஞ்சுதுடி.”

“விடு. ரெண்டு தீக்குச்சியை உடைச்சு உள்ளே திணிச்சா பிடிச்சுக்கும்.”

அம்மா காலை எடுத்தாள். கதவு தொப்பென்று பழைய இடத்தில் உட்கார்ந்தது.

“தீக்குச்சி திணிக்கிறதெல்லாம் வீடு விக்கிறவங்க பண்ற வேலை. நாம இங்க குடியிருக்கோம். நீளமா ஒண்ணு வாங்கி ஒழுங்காப் போடுவோம். அதைக் கழட்டி என்கிட்ட குடு. நாளைக்குக் கடைக்குப் போறப்ப காட்டி வாங்கிட்டு வரேன்.”

“இரு, அளவு எழுதித் தரேன்.”

“உன் அளவையெல்லாம் உன் ஆபீஸோட வச்சுக்கோ. கடைக்காரர்கிட்ட சாமானைக் காட்டினா போதும், அவருக்குப் புரியும்.”

மகளுக்கு வேறு ஊரில் வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி இதெல்லாம் உண்மை சொல்கிறதா என்று சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வுக்கூடம். “என் மக தராசுக்கு வைத்தியம் பாக்குறா” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். மறுநாள் விடிந்ததும் மகள் பஸ் ஏறிவிட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, கொக்கியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு, வாசல் கதவைத் திறந்துவைத்திருக்கிறாள். பிறகு என்ன தோன்றியதோ, கதவோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கோ காத்திருக்கிறாள் என்று எதிர்வீட்டு அக்கா நினைத்துக்கொண்டாள். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அம்மா அதே இடத்தில், பையை மடியில் வைத்தபடி இருந்தாள். மூச்சு நின்றுபோயிருந்தது.

அம்மாவின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. ‘ரெடி அக்கா’ என்றால்தான் தெரியும்.

கணவன் போன பிறகு, கைக்குழந்தையோடு ஒரு வீட்டுத் தரகரின் ஆபீஸைப் பெருக்க வந்தவள் அவள். அந்தத் தரகரிடம் அப்போது ஒரு பெரிய வீடு விலைபோகாமல் கிடந்தது. நல்ல வீடு, நல்ல தண்ணீர், நல்ல தெரு. வருகிறவர்கள் எல்லாம் வந்து, கூடத்தில் நின்று, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. பெருக்குவதற்காக அங்கே அனுப்பப்பட்ட அம்மா, துடைப்பத்தோடு நின்று இதைப் பார்த்துவிட்டுத் தரகரிடம் சொன்னாளாம்:

“வரவங்க யாரும் வீட்டைப் பாக்கலைங்க. சுவத்துல இருக்கிற போட்டோவைப் பாத்து, இது மூத்த மருமகனா, இது எப்ப எடுத்ததுன்னு விசாரிச்சுட்டு, டீ குடிச்சுட்டுப் போறாங்க.”

தரகருக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப என்ன பண்ணலாங்கிற?”

“சாவியைக் குடுங்க.”

அன்று முழுக்க அம்மா அந்த வீட்டில் என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்து “ரெடி” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். அதற்கடுத்து வந்தவர்கள் அந்த வீட்டை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு தரகர் அம்மாவின் கையில் துடைப்பத்தைக் கொடுக்கவில்லை, சாவிகளைக் கொடுத்தார். எந்த வீட்டை முடித்தாலும் அதே ஒரு வார்த்தைதான் போனில். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர்கள் அம்மாவைக் கண்டாலே கொஞ்சம் பயப்படுவார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கை உயர்த்தி ஒரு தடவை மூச்சை இழுப்பாள். “நீங்க இருபது வருஷமா இங்கயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது” என்பாள். பிறகு எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்து அறை அறையாக ஆவி காட்டுவாள். சுவரில் ஆணி பிடுங்கின ஓட்டைகளைப் பற்பசை வைத்து அடைப்பாள். அலமாரியில் பாதித் துணியை எடுத்துவிடுவாள். நிறைந்த அலமாரி சின்னதாகத் தெரியுமாம். வீடு நெடுக ஒரே நிறத்தில் வெளிச்சம் வரும்படி பல்புகளை மாற்றுவாள். எல்லாவற்றுக்கும் முன்னால், நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பின்னால் சுவரில் இருக்கும் எண்ணெய்க் கறையைத் தேடுவாள். ஒரே ஆள் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தலை சாய்த்த கறை. “அது இருக்கிற வரைக்கும் வீடு அவங்களுதுதான். வரவன் மனசுல தனக்கு இடமில்லைன்னு ஆயிடும்.”

இப்படித் துடைத்து எடுத்த வீட்டை அப்படியே விட்டுவிடவும் மாட்டாள். அதுதான் அவளுடைய தனி வேலை. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை மட்டும் பாதி இழுத்துவைப்பாள். ஒரு தம்ளர் தண்ணீரை மூடிவைப்பாள். சமையலறையில் ரேடியோவைக் காதில் விழுந்தும் விழாததுமாக ஓடவிடுவாள். கதவுக்குப் பின்னால் பை மாட்டும் கொக்கியைக் காலியாக வைப்பாள்.

“ஆள் இல்லாத வீடு வேற, ஆள் வெளியே போன வீடு வேறடி” என்று போனில் மகளிடம் விளக்குவாள். “ஆள் இல்லாத வீட்டுல கால் வைக்கவே யோசிப்பாங்க. யாரோ பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்கன்னு இருக்கணும். அப்பதான் வாழ்ற வீடுன்னு தோணும்.”

“கொக்கி காலியா இருக்கிறதை யாரும்மா பாக்கப் போறாங்க?”

“கண்ணு பாக்காது. மனசு பாக்கும். உன் மெஷின்ல அது ஏறாது.”

அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டிவைத்துக்கொள்ளத்தான் மகளுக்கு ஆசை. ஆனால் அதற்கும் அம்மா ஏற்கெனவே தடை போட்டுவைத்திருந்தாள். “நான் போனப்புறம் பூட்டிக் கீட்டி வச்சுடாதே. பூட்டின வீடு நாறும். யாராவது சமைச்சுச் சாப்பிட்டுச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கட்டும்.”

வீட்டை விற்பது என்று ஆனதும் தரகருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் இப்போது கிழவராகிவிட்டார். படியேறி வந்ததும் உட்காராமல் நின்றார்.

“பாப்பா, நீ ஊருக்குப் போ. வேற ஆளை வச்சு வீட்டை முடிச்சுடலாம்.”

“வேண்டாங்க. நானே பண்றேன்.”

“உன்னால ஆகுமா?”

“எப்படின்னு தெரியும்.”

“தெரியுமான்னு கேக்கலைம்மா” என்றார் அவர்.

ஊரார் வீட்டையெல்லாம் மின்னவைத்தவள் அம்மா. அவளுடைய சொந்த வீட்டுக்கு வந்து ஒருவர் மூக்கைச் சுளித்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. அதனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் சுத்தமாகச் செய்தால் இந்த வீட்டில் அம்மா இருக்க மாட்டாள். இரண்டையும் ஒரே கையால் செய்ய வேண்டியிருந்தது.

மகள் போட்டோக்களைக் கழற்றினாள். ஓட்டைகளை அடைத்தாள். துணிமணிகளைக் கட்டினாள். எலுமிச்சைத் தோல் கொதித்தது. வாசனை பரவப் பரவ, அம்மாவின் தலையணை வாசனை எந்த மூலையில் மிச்சமிருக்கிறது என்று நாய்க்குட்டி மாதிரி மோந்துகொண்டே பின்னால் நடந்தாள். கதவோர நாற்காலிக்கு மேலே சுவரில் கறை இருந்தது. உள்ளங்கை அகலம். மங்கலான பழுப்பு. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன் அம்மா தலை சாய்க்கும் இடம். கடைசியாகச் சாய்த்ததும் அங்கேதான்.

சுண்ணாம்புத் தூளை அப்பி, காயவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது. முறை அவளுக்கு மனப்பாடம்.

துடைப்பதற்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவைவிட உயரம் என்பதால் அவள் தலை கறைக்கு மேலே போனது. கால்களை நீட்டி, இடுப்பை இறக்கி, சரிந்து சரிந்து அந்த இடத்துக்குத் தலையைக் கொண்டுவந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெரு தெரிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் துணி ஆடியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள். தூளை அப்பினாள்.

மிச்சம் குளியலறைக் கதவு. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு குச்சி, ஏதோ ஒரு ஸ்க்ரூ, ஒரு நிமிஷ வேலை. தீக்குச்சி வீடு விற்கிறவர்களின் வேலை என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. இப்போது விற்கிறவள் அவள்தான். இருந்தும் கை வரவில்லை. தீப்பெட்டியை அடுப்படியிலேயே வைத்துவிட்டாள்.

நாற்காலியைப் பாதி இழுத்தாள். தண்ணீரை மூடிவைத்தாள். ரேடியோவைத் திருகினாள். கொக்கி ஏற்கெனவே காலி. அம்மாவைக் கொண்டுபோன மருத்துவமனையில் அவள் பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை இதுவரை பிரிக்காமல் தன் பயணப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

தரகருக்குப் போன் செய்தாள். அந்த ஒரு வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது.

“வரலாங்க” என்றாள்.

அந்தப் பக்கம் தரகர் “சரிம்மா” என்றார்.

பார்க்க வருகிற நேரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எதிர்வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தாள். வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கணவன், மனைவி, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தரகர். கணவன் கையில் டேப் இருந்தது. ஜன்னல், சுவர் என்று அளந்துகொண்டே உள்ளே போனான். அந்தப் பெண் எதையும் அளக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று மெல்ல மூச்சை இழுத்தாள்.

“நீங்க இவர் ஆபீஸா?” என்று கேட்டாள்.

மகள் தலையை ஆட்டிவைத்தாள். தரகர் விட்டத்தைப் பார்த்தார்.

“வீட்டம்மா எங்க, கடைக்குப் போயிருக்காங்களா?”

அம்மாவின் வேலை பலித்துவிட்டது. “ஆமா” என்று வாய் தானாகச் சொன்னது. “கடைக்குத்தான்.”

“நெனச்சேன். ரேடியோ ஓடுதே. எங்கம்மாவும் அணைக்காமதான் போவாங்க.” அந்தப் பெண் பாதி இழுத்த நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்தாள். “அப்ப இருந்து பாத்துட்டே போறேன். அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

தரகர் இருமினார். “என்கிட்ட கேளுங்கம்மா, நான் சொல்றேன்.”

“உங்களுக்குத் தெரியாதுங்க. இவ்வளவு ஆசையா வச்சிருக்கிற வீட்டைக் குடுக்க எப்படி மனசு வருதுன்னு கேக்கணும். ஏதாவது குறை இருந்தாலும் அவங்க மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்சுடும், இல்ல?”

அப்போது உள்ளே குளியலறைக் கதவு கரகரவென்று உரசித் திறந்தது. அந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். மகள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். தலையைத் துவட்டிக்கொண்டு வருகிற அம்மாவைப் பார்க்கத் திரும்பின மாதிரி, முகம் மலர்ந்தே திரும்பியது. வெளியே வந்தது டேப்போடு அந்தக் கணவன்.

“கதவு ஒண்ணு இடிக்குது” என்றான்.

மகள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“அவங்க வர மாட்டாங்க” என்றாள். “நான் ஆபீஸ் இல்லை. அவங்க மக. கடைக்குன்னுதான் கிளம்பினாங்க.”

கணவன் டேப்பைச் சுருட்டினான். அந்தப் பெண் எழுந்துகொண்டாள். நாற்காலியை மட்டும் முதலில் எப்படி இருந்ததோ அப்படியே, பாதி இழுத்தபடி வைத்துவிட்டுப் போனாள்.

போகட்டும், இனி இவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்குள் ஓரத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் தரகர் கூப்பிட்டார்.

“பாப்பா, அவங்களே எடுத்துக்கிறாங்களாம். அந்தம்மா ஒரே பிடியா நிக்குது.” பிறகு அவரே சொன்னார், “அக்கா இருந்தா இப்ப என்னைத் திட்டியிருப்பாங்க, நேரத்துக்கு முன்னாடி கூட்டிட்டு வந்தீங்களேன்னு.”

“ஆமா” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

“அந்தக் கதவை மட்டும் சரி பண்ணிக் குடுக்கச் சொன்னாங்க. ஆளை அனுப்பறேன். தீக்குச்சி கீக்குச்சி திணிச்சு ஒரு நிமிஷத்துல முடிச்சுடுவான்.”

“வேண்டாங்க. அவங்க இங்க குடியிருக்கப் போறாங்க.”

போனை வைத்துவிட்டுப் பயணப் பெட்டியைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து அம்மாவின் பையை வெளியே எடுத்தாள். மடித்த குடை. மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒரு கைக்குட்டை. அதன் மூலையில் முடிச்சு. இறுக்கிப் போட்டிருந்ததால் நகத்தால் அவிழவில்லை, பல்லால் அவிழ்த்தாள். உள்ளே அந்த ஸ்க்ரூ இருந்தது. தலையில் துருப் பிடித்திருந்தது. கீலின் பழைய பெயின்ட் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்து அளவுமானி ஒன்று அவள் பெட்டியிலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஸ்க்ரூவைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்து, பையில் போட்டு, செருப்பை மாட்டினாள். கடைக்காரரிடம் அம்மா கேட்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்: இதே மாதிரி ஒண்ணு குடுங்க, கொஞ்சம் நீளமா.