யாளிப்பாகன் சாகக் கூடாது

எங்கள் ஆபீஸில் இப்போது மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே பேச்சுதான். அந்த யாளிப் படத்தின் மூன்றாம் பாகம் வரப்போகிறதாம். யாளி யார் பக்கம் நிற்கும், இளவரசி மகுடத்தைத் தூக்கி எறிவாளா, இடைவேளைக்கு முன்னால் யார் துரோகம் செய்வார்கள் என்று ஆளுக்கொரு ஜோசியம். நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் பாகம் வந்தபோது நான் திருவண்ணாமலையில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தலையணை மாதிரித் தடித்த நாவல் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். மலைக்குள் ஒரு நகரம், அதன் வாசலைக் காக்கும் யாளி, அதைக் குட்டியிலிருந்து வளர்த்த பாகன். ராஜாவும் ராணியும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. போஸ்டரில் பாகன் ஏணி போட்டு ஏறி யாளிக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒரு போஸ்டரிலேயே நான் விழுந்துவிட்டேன்.

பள்ளிக்கூட ஆட்டோவில் எட்டுப் பேர் திணிந்து போவோம். போகிற வழியெல்லாம் பாகன் பிழைப்பானா மாட்டானா என்பதுதான் விவாதம். அவன் தொலைந்துபோன ராஜகுமாரன், அதனால் சாகமாட்டான் என்றாள் ஒருத்தி. யாளி அவனை விழுங்கி வயிற்றுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் என்றாள் இன்னொருத்தி. அவ்வளவு பெரிய நடிகரைச் சாகடித்தால் ரசிகர்கள் தியேட்டரைச் சும்மா விடுவார்களா என்று ஆட்டோ அண்ணனே ஒருநாள் திரும்பிக் கேட்டார். எனக்கு அதுதான் இருப்பதிலேயே உறுதியான வாதமாகப் பட்டது.

இத்தனையிலும் மண்ணைப் போட்டவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். எந்தப் படமானாலும் முடிவை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. அந்த நாவலை லைப்ரரியில் எடுத்துப் படித்தும் தொலைத்திருந்தார்.

“பாகன் செத்துடுவான் பாப்பா. புக்குலயே அப்படித்தான்” என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

சினிமாவில் மாற்றிவிடுவார்கள் என்று சண்டை போட்டேன். அப்பா கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் உள்ளே நுழைந்ததும் போனைப் பிடுங்கி ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஓர் இடத்தில் யாளியின் கழுத்து மணி மட்டும் ஆற்று மணலில் தனியாகக் கிடக்கும். அது தெரிந்தவுடன் சித்தப்பா எங்கிருந்தாலும் வந்து, “பாத்தியா, காலி” என்பார். அவரைக் கடித்துவைக்கலாமா என்று இருக்கும்.

அந்த மாதங்களில் அப்பாவுக்கு வயிற்று வலி. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. சென்னையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய பௌர்ணமியில் செருப்பில்லாமல், யாரோடும் பேசாமல் கிரிவலம் வருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். பதினாலு கிலோமீட்டர், கால் கொப்பளித்துவிடும் என்று தடுத்தாள். நான் விடவில்லை. எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.

ஆமாம், பாகனுக்காகத்தான். படம் எடுத்து முடித்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சாமிக்கு அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? எங்கள் ஊரில் எதற்குத்தான் மலையைச் சுற்றவில்லை? வீடு கட்ட, பரீட்சையில் தேற, தொலைந்த மோதிரம் கிடைக்க. ஒருவன் சாகக் கூடாது என்று நான் சுற்றினேன். அப்பாவை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், பாகனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்பது என் கணக்கு.

மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். தார் ரோடு கொதித்தது. வழியில் எம லிங்கத்தின் சந்நிதியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நானும் நின்றேன். குழப்பம் வந்துவிடக் கூடாதென்று நடிகர் பெயரைச் சொல்லாமல், “படத்துல வர்ற பாகன்” என்று இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன். கால் எரிச்சலிலும் சித்தப்பா மேலிருந்த ஆத்திரத்திலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டவள், என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மாவுக்கு அதே கதைதான். குழந்தை அவங்க அப்பாவுக்காக அழுதுகிட்டே நடந்தது என்று. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்குச் சொன்னார்கள். உண்மையில் வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே தைத்து அனுப்பியிருந்தார்கள். எட்டு மாதம் தாங்கினால் ஜாஸ்தி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அப்பாவுக்கே தெரியும். படத்தின் முடிவை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த சித்தப்பாவுக்கு இதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கப்போவதுமில்லை.

படம் வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் சித்தப்பாதான். கடைசியில் மலைவாசல் மூடுகிறது, பாலம் உடைகிறது. “இப்பப் பாரு” என்று காதில் கிசுகிசுத்தார். பாகனும் யாளியும் பள்ளத்தில் விழுந்தார்கள். இரண்டாம் பாகத்தில் சந்திப்போம் என்று திரையில் எழுத்து வந்தது. வீடு வரைக்கும் நான் அவருக்கு முன்னால் தனியாகவே நடந்தேன்.

வீட்டில் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தாள். நான் நடந்ததால்தான் அப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறாராம், அந்த அண்ணாமலையானே என் கண்ணீரைப் பார்த்துவிட்டானாம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “நான் ஒண்ணும் அப்பாக்காக நடக்கல. யாளிப்பாகனுக்காக நடந்தேன். சாமி அத மாத்திக் குடுத்துடுச்சு.”

அம்மா விட்ட அறையில் காதில் கொய்யென்று சத்தம் கேட்டது. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு அவளே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

அப்பா சிரித்தார். தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கட்டிலில் உட்காரவைத்தார்.

“பொணத்தக் காட்டுனாங்களா?”

“இல்ல. விழுந்ததோட சரி.”

“காட்டலன்னா சாகல. சினிமால அதான் சட்டம்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தாலும் முகத்தை விறைப்பாகவே வைத்துக்கொண்டேன்.

“ரெண்டாம் பாகம் எப்ப வருதாம்?” என்று கேட்டார்.

“ரெண்டு வருசம் ஆவும்னு போட்டிருக்காங்க.”

அப்பா மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அவ்ளோ நாளா? அப்ப நீயே சொல்லு பாப்பா. பாகன் எப்படித் தப்பிச்சு வர்றான்?”

தியேட்டரிலிருந்து நடந்து வந்த நேரத்திலேயே நான் நாலு வழி யோசித்துவைத்திருந்தேன். யாளிக்கு மறைந்திருந்த இறக்கை, பள்ளத்துக்கு அடியில் ஓடும் ஆறு, என்னென்னவோ. கன்னம் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றையும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நீயும் சித்தப்பா மாதிரி ஆவாதப்பா. முன்னாடியே கதை கேக்காத. படம் வந்தா பாத்துக்கோ.”

“சரி” என்றார் அப்பா. “வரட்டும், பாத்துக்கலாம்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கோபத்திலும் எனக்கு ஒரு திருப்தி. இந்த வீட்டில் ஒருவராவது பொறுமையாகக் காத்திருந்து, முடிவு தெரியாமல் படத்தை ஒழுங்காகப் பார்க்கப்போகிறார்.