ஷரீஃபுன்னிசா தைத்த உடுப்புகள்

பூந்தமல்லி ஷரீஃபுன்னிசாவுக்கு ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் வேலை. போடுகிறவன் பத்திரமாக வீடு திரும்பட்டும் என்று ஒவ்வொன்றையும் 'பிஸ்மில்லா' சொல்லித்தான் தொடங்குவாள். பதினெட்டு வருஷப் பழக்கம்.

கார்கில் சண்டை நடந்த கோடையில் பனி உடுப்புகள் மெஷின் பக்கத்தில் குவிந்துகொண்டே இருந்தன. ஒரு விடியலில் அவளுக்குக் கனவு வந்தது. அவள் தைத்த உடுப்புகள் முகமில்லாமல், சத்தமில்லாமல், வெள்ளை மலையில் மேகத்துக்குள் ஏறிப் போயின. எதிர் முகட்டில் ஒருவன் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினான். அவன் உதடும் மெல்ல 'பிஸ்மில்லா' என்றது.

அன்றைக்கு மெஷின் முன்னால் அவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் கவனித்துவிட்டாள். அவள் மகன் வேலுசாமி அந்த மலையில்தான் பட்டாளத்தில் இருந்தான்.

"இன்னாக்கா, ஓதாமயே தைக்கிறே?"

ஷரீஃபுன்னிசா கனவைச் சொன்னாள். "சுடறவனும் அதையேதான் சொல்றான் ஜெகதா. அல்லா யார் பேச்சக் கேப்பாரு?"

"என் புள்ளயும் சாமி பேரச் சொல்லிக்கினுதான் சுடுவான்" என்றாள் ஜெகதாம்பாள். "நீ தைக்கிறவ. உன்னுத நீ சொல்லுக்கா."

சொன்னாள்.

மழைக்காலத்தில் வேலுசாமி காலைத் தாங்கித் தாங்கி ஊர் வந்தான். ஜெகதாம்பாள் அவனைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனாள். சேமியா பாயசத்தைக் குடித்துவிட்டு அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பெரியம்மா, அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன நாங்கதான் பொதச்சோம். இன்னா ஓதணும்னு எங்க யாருக்கும் தெரியல."

"அவன் பேரு?"

"தெரியாது."

ஷரீஃபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக் கைகளை ஏந்தினாள். ஜெகதாம்பாளும் கண்ணை மூடிக்கொண்டாள்.